புதுப்பிப்பு: யூத நாட்காட்டியின் ஆவ் மாத ஒன்பது நாட்கள், இறைச்சி இல்லாத இரவுச் சாப்பாடு

நான் சமையல் வேலை பார்க்கும் ஜெருசலேம் யூத வீட்டில், அந்நகரில் இருந்த அவர்களுடைய பழைய கோயில் இடிந்த துக்கத்துக்காக ஆவ் முதல் தேதியிலிருந்து இறைச்சியும் ஒயினும் கிடையாது. ஆறு பேருக்கு என்ன சமைப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது மஜாதராதான்: முழு மசூர் பருப்பு, அரிசி, மேலே கருகும் பதத்துக்கு வதக்கிய வெங்காயம். பிள்ளைகள் அடிப்பிடித்ததையும் சுரண்டிச் சாப்பிட்டார்கள். ஷக்ஷுகாவும் (தக்காளிக் குழம்பில் வேகவைத்த முட்டை) மீனும் மற்ற நாட்களைப் பார்த்துக்கொண்டன. வெள்ளி மாலை தொடங்கும் வாராந்திர ஓய்வுநாளான சபாத்துக்கு இறைச்சி உண்டு என்பதால் வெள்ளி இரவு கோழிதான்.

எதிர்பாராதது ஒன்று. யூத முறைப்படி இறைச்சியையும் பாலையும் சேர்க்கமாட்டார்கள், பாத்திரங்களும் தனித்தனி. முதல் நாள் பருப்பை இறைச்சிக்கான பானையில் வைத்துவிட்டேன். சாப்பிடலாம், ஆனால் கூடவே தயிர் வைக்கக்கூடாது என்றார் வீட்டம்மா. அப்புறம் பால் பாத்திரம்தான். சமையலில் யூதர் ஒருவரின் பங்கு இருக்கவேண்டும் என்பது அவர்கள் முறை என்பதால், அடுப்பை மட்டும் வழக்கம்போல வீட்டம்மாவே பற்றவைத்தார்.

ஆவ் ஒன்பதாம் தேதி நோன்புக்கு முந்தைய கடைசி உணவு நான் நினைத்ததைவிட எளிது. தாத்தா தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, துக்கத்தின் அடையாளமாக அவித்த முட்டையைச் சாம்பலில் தொட்டு ரொட்டியோடு சாப்பிட்டார். யாரும் பேசவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

ஒன்று கவனியுங்கள்: நோன்பு முடிந்த இரவும் இறைச்சி வேண்டாம். பத்தாம் தேதி நண்பகலுக்குப் பிறகுதான் அந்த வீட்டில் தொட்டார்கள்.