கல்லீரல் கெட்டவருக்குக் குடியை நிறுத்த மாத்திரை: யார் சொல்வது சரி?

இரவுப்பணி:
"ஈரல் கெட்டவனுக்குக் குடியை நிறுத்த மாத்திரை கொடுத்தால் இருக்கிற ஈரலும் போய்விடும், மனவுறுதி போதும்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இந்தப் பேச்சை நம்பித்தான் பலர் சிகிச்சைப் பக்கமே போவதில்லை.

நேர்வழி:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே கேட்கலாமே, என்ன பயம்? குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை ஈரலைக் கெடுக்கும் என்று மருந்துத் தாளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். நான் இல்லை.

இரவுப்பணி:
அந்தக் கட்டத்தை 2013-இல் எடுத்துவிட்டார்கள். அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள். வழக்கமான அளவு 50 மில்லிகிராம்; பயம் கிளம்பியது 300 கொடுத்துப் பார்த்ததில். அப்புறம், மாத்திரை என்றால் அது ஒன்றுதானா? அகாம்ப்ரோசேட்டுக்கு ஈரலோடு வேலையே இல்லை, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. பேக்லோஃபெனை ஈரல் சுருங்கிப்போனவர்களுக்கே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 71 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 29. குடித்தால் உடம்பைப் படுத்தியெடுக்கும் டைசல்ஃபிராம்தான் இவர்களுக்கு ஆகாது.

நேர்வழி:
எடுத்தது இருக்கட்டும். முதலில் எச்சரிக்கை போட்டார்களா இல்லையா?

கரையோரம்:
என் அண்ணனுக்கு வயிற்றிலிருந்து நீர் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டின் அடியில் "மது கூடாது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஈரல் டாக்டர் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். அங்கே "ஈரல் தேறட்டும், பிறகு வாருங்கள்" என்றார்கள். அண்ணனோ அந்தப் பலகையைப் பார்த்ததுமே "நான் என்ன பைத்தியமா?" என்று திரும்பி நடந்தவர். எந்த மாத்திரை என்கிற பேச்சு வரைக்கும் யாரும் வரவே இல்லை.

நேர்வழி:
வருத்தம்தான். ஆனால் மனவுறுதி இருந்திருந்தால்...

கரையோரம்:
என் அண்ணனின் உறுதியை அளக்க நீங்கள் யார்?

இரவுப்பணி:
இதுதான் பெரிய தடை. நோயாளியே தன்னைக் குற்றவாளியாக நினைத்துக் குடியை மறைக்கிறார். ஈரல் மருத்துவர் பலருக்கு இந்த மாத்திரைகளை எழுதிப் பழக்கமில்லை. மாற்று ஈரல் கேட்டால் ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டு என்கிறார்கள். 2011-இல் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் குடியால் கடும் ஈரல் அழற்சி வந்தவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, காத்திருக்க வைக்காமல் மாற்றிப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மாற்றாதவர்களில் 23.

நேர்வழி:
ஈரல் தானம் பற்றி யார் கேட்டார்கள்? போன மாதம் மூலிகை இழையிலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

இரவுப்பணி:
அந்த இழையில் பதில் சொல்லாமல் காணாமல் போனது நீங்கள்.

நேர்வழி:
வேலை இருந்தது. ஈரலின் முழுச் செயலிழப்பில் நால்ட்ரெக்சோன் கொடுக்க இன்றைக்கும் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். ஏன் தயங்க வேண்டும்?

இரவுப்பணி:
தயங்குவது அந்த நிலையில், அந்த மருந்துக்கு. நீங்கள் எல்லா நிலைக்கும் எல்லா மருந்துக்கும் பூட்டுப் போடுகிறீர்கள்.

கரையோரம்:
அண்ணனுக்கு அவ்வப்போது நினைவு குழம்புகிறது. பேக்லோஃபென் கேட்டுப் பார்க்கலாமா?

இரவுப்பணி:
கவனம். குழப்பம் இருந்தால் அது மயக்கத்தைக் கூட்டும். மருத்துவரிடம் இதை முதலில் சொல்லுங்கள். சிறுநீரகம் சரியாக இருந்தால் அகாம்ப்ரோசேட் பற்றிக் கேளுங்கள்.

நேர்வழி:
பார்த்தீர்களா, இவரே "கவனம்" என்கிறார். நான் சொன்னதும் அதைத்தானே!

இரவுப்பணி:
நீங்கள் சொன்னது "கொடுக்காதே". மேலே போய் உங்கள் பதிவையே படியுங்கள்.