டர்போ வண்டியை ரீமேப் செய்தபின் ஒரு படி குளிர்ந்த பிளக் தேவையா?

வெயில்பாதை:
என்னுடையது 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் வண்டி. சென்ற மாதம் ரீமேப் (எஞ்சினின் கணினி அமைப்பை மாற்றித் திறனைக் கூட்டுவது) செய்ததில், செய்தவரின் கணக்குப்படி, 110 குதிரைத்திறன் 135 ஆகியிருக்கிறது. என்ஜிகே நிறுவனத்தின் 7ஆம் வெப்ப எண் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒரு படி குளிர்ந்த, அதாவது முனைச் சூட்டை இன்னும் விரைவாக வெளியேற்றும், 8 போடும்படி அவர் சொல்கிறார். கம்பெனி போட்டு அனுப்பியதைத் தொட வேண்டாம் என்கிறார் எங்கள் மெக்கானிக். தினமும் கோவைக்குள் நான்கு கிலோமீட்டர் ஓட்டம், மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற்றம். யார் சொல்வதைக் கேட்பது?

இரும்புக்குதிரை:
தயங்காமல் 8 போடுங்கள். பிளக் முனையின் வெப்பம் ஏறத்தாழ 850 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பொறி பிறப்பதற்கு முன்பே அந்த முனை கலவையைப் பற்றவைத்துவிடும்; மேலேறி வரும் பிஸ்டன் எரிந்துகொண்டிருக்கும் வாயுவை அழுத்த வேண்டியிருப்பதால், சில நொடிகளிலேயே அதன் தலை உருகி ஓட்டை விழக்கூடும். குளிர்ந்த பிளக்கில் கரி படிந்தால் ஒரு செட் பிளக்கின் விலையோடு போகும். ஓர் எச்சரிக்கை: என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது, பாஷில் அது தலைகீழ். கடையில் எண்ணை மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள்.

அளவுகோல்:
முன்பற்றலைப் பற்றி நண்பர் சொன்னது சரி. அதை இந்த வண்டியின்மேல் ஏற்றியதைத்தான் ஏற்க முடியவில்லை. குளிர்ந்த பிளக் எரியறையைக் குளிர வைப்பதில்லை. அதன் பீங்கான் மூக்கு குட்டையாக இருப்பதால், முனையில் ஏறும் சூடு சிலிண்டர் ஹெட்டுக்கு விரைவாக இறங்குகிறது, அவ்வளவுதான். ஒரு படி மாறினால் முனையின் வெப்பம் 70 முதல் 100 டிகிரி வரை குறையும். முனையில் படியும் கரி தானாக எரிந்துபோக ஏறத்தாழ 450 டிகிரியாவது வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று, எஞ்சின் முழுதாகச் சூடேறுமுன் அணைக்கப்படும் நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் 7 போட்டாலே அந்த எல்லையைத் தொடுவது கடினம். 75 முதல் 100 குதிரைத்திறன் கூட்டினால்தான் ஒரு படி என்பது பிளக் தயாரிப்பாளர்களே சொல்லும் கணக்கு. இவர் கூட்டியிருப்பது 25.

இரும்புக்குதிரை:
அந்தக் கணக்கை எட்டு சிலிண்டர் எஞ்சினில் வைத்துப் பாருங்கள். 75ஐ எட்டால் வகுத்தால் சிலிண்டருக்கு ஒன்பது சொச்சம். 25ஐ மூன்றால் வகுத்தால் எட்டு சொச்சம். சுமையைத் தாங்குவது ஒவ்வொரு பிளக்கும் தனித்தனியாக என்னும்போது, மொத்தத் திறனை வைத்து வாதாடுவது எப்படிப் பொருந்தும்? போதாக்குறைக்கு, குன்னூர் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) இறங்காமல் நிமிடக்கணக்கில் நிற்கும்.

அளவுகோல்:
நல்ல வகுத்தல், அந்த இடத்தில் என் வாதம் வலுவிழக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடையைக் காகிதத்தில் தேடுவதைவிடப் பிளக்கிலேயே பார்ப்பது நல்லது. வெயில்பாதை அவர்களே, குன்னூர் ஏறி, டர்போ ஆற இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைத்து, எஞ்சின் ஆறியபின் மூன்றையும் கழற்றுங்கள். கரியின் நிறம் அந்த ஐட்லிங்கிலேயே மாறிவிடுமாதலால் அதை நம்ப வேண்டாம். பக்க மின்முனையின் வளைந்த கம்பியில் ஒரு நிறக்கோடு தெரியும்: அது வளைவில் நின்றால் எண் சரி, மரைப்பக்கம் இறங்கியிருந்தால் பிளக் அதிகச் சூடு, நுனிக்கு ஏறியிருந்தால் அதிகக் குளிர்ச்சி. பீங்கானில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளியோ அலுமினியத் துகளோ தெரிந்தால் அது நாக்கிங், அதாவது பொறிக்குப்பின் மிச்சக் கலவை தானாக வெடித்து எரிவது. அதற்கு மருந்து ரீமேப்பில் டைமிங்கை (பொறி எவ்வளவு முன்கூட்டி விழுகிறது என்பதை) குறைப்பதே தவிர, குளிர்ந்த பிளக் அன்று.

வெயில்பாதை:
ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். முதல் இரண்டிலும் கோடு சரியாக வளைவில் நிற்கிறது, புள்ளியோ துகளோ இல்லை. மூன்றாவதில் மட்டும் கோடு மரைக்கு அருகில் இறங்கி, பீங்கானும் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. கழற்றும்போதே ஸ்பேனர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுழன்றது.

இரும்புக்குதிரை:
அப்படியென்றால் அது சரியாக முடுக்கப்படாத பிளக். இருக்கையில் அழுந்தி உட்காராத பிளக் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாது. அதில் 9 போட்டாலும் முனை வெந்துதான் போயிருக்கும். உங்களுடையது 12 மி.மீ. மரை என்றால், 15 முதல் 20 நியூட்டன் மீட்டருக்குள் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். வெந்துபோன அந்த ஒன்றைத் திரும்பப் போடாமல் புதிதாக ஒரு 7 வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் காட்டுவதைப் பார்த்தால் இன்றைய பூஸ்டுக்கு 7 போதும் என்பதை ஏற்கிறேன். அடுத்த கட்ட ரீமேப்புக்குப் போனால் என் பேச்சு 8தான்.

அளவுகோல்:
அப்போது நானும் 8 என்றே சொல்வேன். அதற்குமுன் கேப்பை, அதாவது இரண்டு மின்முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, அளந்து பாருங்கள். கூடிய பூஸ்டில் 0.8 மி.மீ. இடைவெளியில் பொறி அணைந்து மிஸ்ஃபயர் வந்தால் 0.7க்குக் குறைக்கலாம். இரிடியம் பிளக் என்றால் பக்கக் கம்பியை மட்டும் மெதுவாக வளையுங்கள். நடுமுனையில் கருவி பட்டால் ஒடிந்துவிடும்.