எழுத்தைத் தொழிலாக நடத்துவது எப்படி? கூலி, ஒப்பந்தம், வராத பாக்கி பற்றி ஆலோசனை வேண்டும்

கேள்வி: தங்கச்சிமடம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். தனியார் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த நான், அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது எழுத்தை மட்டுமே நம்பி வாழ்கிறேன். இதழ்களில் வரும் கதை, கட்டுரைகளுக்குச் சிறு தொகை கிடைக்கிறது. கடற்கரை ஊர்களில் பணிபுரியும் தொண்டு நிறுவனங்களின் ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கம் செய்து தருகிறேன். ராமேசுவரத்தில் உள்ள சில தங்கும் விடுதிகளுக்கு இணையதள வாசகங்களும் யாத்திரிகர் கையேடும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேலை இல்லாமல் இல்லை. ஆனால் பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று மாதத் தொடக்கத்தில் சொல்ல முடிவதில்லை. என் கணவர் விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் நீங்கலாக, என் வருமானத்தில்தான் வீடு நடக்க வேண்டும். ஆகவே, இதை ஒழுங்கான தொழிலாக நடத்த விரும்புகிறேன்.

உடனடியாக மூன்று சிக்கல்கள் உள்ளன. தனுஷ்கோடியை அழித்த 1964 புயலுக்குப் பின் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களைப் பற்றி ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். ஒரு பதிப்பகம் 15,000 ரூபாயை மொத்தமாகத் தந்துவிட்டு, ‘அனைத்து உரிமைகளையும் நிரந்தரமாக’ எழுதித் தரும்படி கேட்கிறது. கையெழுத்திடலாமா? அடுத்து, ஒரு விடுதி கையேட்டை வாங்கி அச்சிட்டு வரவேற்பறையில் வைத்த பிறகும் மாதக்கணக்கில் பணம் தரவில்லை, என்ன செய்யலாம்? கடைசியாக, ‘உட்கார்ந்த இடத்தில் எழுதுவதுதானே’ என்று கூலியைக் குறைப்பவர்களிடம் எந்தக் கணக்கைக் காட்டுவது? பதிவு, ஜிஎஸ்டி எல்லாம் தேவையா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: மண்டபம் மொழிபெயர்ப்பாளர்

அக்கா, மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கூலியை முடிவு செய்யாமல் மற்றவற்றைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தவர் என்ன வாங்குகிறார் என்று விசாரித்து அதைவிடச் சற்றுக் குறைத்துச் சொல்வதுதான் நம் பக்கத்தில் வழக்கமாக இருக்கிறது. உங்கள் வீட்டுச் செலவிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய் வேண்டும், இணையம், மின்சாரம், பயணம், கணினிப் பழுது ஆகியவற்றுக்கு 5,000 ரூபாய் ஒதுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 30,000 ரூபாய். மாதத்தில் 24 நாள் உழைத்தாலும், அதில் ஏறக்குறைய பாதி நாட்கள் வேலை தேடுவதிலும் திருத்தங்களிலும் கணக்கு எழுதுவதிலும் உங்கள் சொந்தப் படைப்பிலும் போய்விடும். அந்த நாட்களுக்கு யாரும் கூலி தரமாட்டார்கள். மீதி 12 நாட்களில் 30,000 ரூபாய் ஈட்ட வேண்டுமானால், நாளொன்றுக்கு 2,500 ரூபாய். மறுவாசிப்பும் சேர்த்து ஒரு நாளில் 1,250 சொற்களைச் செம்மையாகத் தமிழாக்க முடியும் என்றால், சொல்லுக்கு 2 ரூபாய். எண்களை உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே இறங்கினால் கைநட்டம் என்ற கோடு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சொற்கணக்கில் அடங்காத உழைப்பும் உண்டு. கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய அறிக்கை ஒன்று வந்தால், அதில் ஜெலிடியெல்லா, கிரேசிலேரியா, சர்காசம் என்று அறிவியல் பெயர்களாக இருக்கும். அவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுக் கொடுத்தால், யாருக்காக அந்த அறிக்கை தமிழாக்கப்பட்டதோ அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று கரையில் வழங்கும் பெயர்களைத் தெரிந்து, பாசி எடுத்துக் கரையேறும் பெண்களிடம் ஒருமுறை சரிபார்த்து எழுதுபவர் நீங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் நிறுவனத்தால் இதைச் செய்ய இயலாது. ஆகவே, மதிப்பீட்டுக் கடிதத்தில் ‘களச் சரிபார்ப்பு’ என்று தனி வரி போட்டு, அதற்கான நாள்கூலியையும் பயணச் செலவையும் கேளுங்கள். தயங்கவே வேண்டாம்.

இனி, எந்த வேலையையும் வாய்ச்சொல்லில் தொடங்காதீர்கள். வேலை என்ன, எத்தனை சொற்கள், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், பணம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும் என்பதை ஒரு மின்னஞ்சலில் எழுதி, ‘சம்மதம்’ என்று பதில் வாங்கிய பின் தொடங்குங்கள். புதியவர்களிடம் பாதிப் பணத்தை முன்பணமாகப் பெறுவது நல்லது. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்து, அதிலிருந்து வீட்டுக்கு மாதாமாதம் ஒரே தொகையை மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல மாதத்தின் மிச்சம் அந்தக் கணக்கிலேயே கிடந்தால்தான் தடைக்காலத்தில் கை கொடுக்கும்.

பதில் 2: கீழக்கரை கணக்கர்

சகோதரி, சீதக்காதி வள்ளல் உமறுப் புலவரைப் புரந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். இன்று எழுதுபவருக்கு வள்ளல்கள் இல்லை, வாடிக்கையாளர்கள்தான் இருக்கிறார்கள் என்பதால், சட்டம் தரும் பாதுகாப்பைத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம். சேவை தருபவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வாடிக்கையாளர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் இதே வரம்புதான். ஆனால் உத்யம் பதிவை, அதாவது உங்களைக் குறு நிறுவனமாக அரசிடம் பதிந்துகொள்வதை, இந்த வாரமே செய்துவிடுங்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். அரசின் தளத்தில் கட்டணம் ஏதும் கிடையாது. பணம் கேட்கும் தளங்கள் இடைத்தரகர்களுடையவை.

அந்தப் பதிவின் பயன் உங்கள் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு நிறுவனத்திடம் சேவை பெற்றவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட தேதிக்குள்ளும் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் எதை எழுதினாலும் 45 நாட்களைத் தாண்ட முடியாது. தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். இதற்கான அரசுத் தளத்தில் முறையிட்டால், இதற்கென்று உள்ள மாநிலக் குழு விசாரிக்கும். இன்னொரு பிடியும் உண்டு. இந்தக் கெடுவுக்குள் தராத பணத்தை, உண்மையில் தரும்வரை, வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலாது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவில் வந்த விதி இது. முறையாகக் கணக்குத் தணிக்கை செய்யும் எந்த விடுதி உரிமையாளரின் ஆடிட்டருக்கும் இது தெரியும். ஆகவே, ரசீதின் தலைப்பில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்புங்கள். பல இடங்களில் அதுவே வேலையை முடித்துவிடும்.

பதிவுக்குப் பின் செய்யும் வேலைக்குத்தான் இந்தச் சட்டத்தை உறுதியாக நம்பலாம். பழைய பாக்கிக்கு, தேதி, தொகை, ஒப்படைத்த மின்னஞ்சல் நகல் ஆகியவற்றுடன் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். காலவரையறைச் சட்டப்படி மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை அணுக வழி உண்டு. ஆனால் கடிதத்திலேயே முடிந்துவிட வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

வரியைப் பொறுத்தவரை, தொண்டு நிறுவனங்கள் உங்கள் கூலியில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்தால் அது உங்கள் பணம்தான். வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் வரவாகியிருக்கிறதா என்று பார்த்து, கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுங்கள். ‘எனக்குத்தான் வரி வராதே’ என்று தாக்கல் செய்யாமல் விடுபவர்கள் அந்தப் பணத்தை ஆண்டுதோறும் இழக்கிறார்கள். நூல் விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கான ராயல்டிக்கு 3 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாததால், உங்கள் நிலையில் அதைத் தேட வேண்டியதில்லை.

பதில் 3: தொண்டி பதிப்பாளர்

வணக்கம். சிறு பதிப்பகம் நடத்துபவன் என்ற முறையில் ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தத் தாளில் இப்போதுள்ளபடியே கையெழுத்திடாதீர்கள்.

15,000 ரூபாய் குறைந்த தொகை என்று சொல்லமாட்டேன். 250 ரூபாய் விலையுள்ள நூலுக்கு 10 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 25 ரூபாய். 600 பிரதிகள் விற்றால்தான் 15,000 வரும். முதல் நாவல் 600 பிரதிகள் விற்பது எளிதன்று. ஆகவே பதிப்பாளர் உங்களை ஏமாற்றுகிறார் என்ற எண்ணத்தோடு பேசப் போகாதீர்கள். சிக்கல் ‘அனைத்து’, ‘நிரந்தரமாக’ என்ற இரண்டு சொற்களில்தான். இந்தியாவில் பதிப்புரிமை, எழுத்தாளரின் ஆயுட்காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. அச்சு, மின்னூல், ஒலிநூல், பிறமொழி ஆக்கம், திரைப்படம், இணையத் தொடர் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே விற்கக்கூடிய உரிமை. அவ்வளவையும் உங்கள் பேரன் பேத்தி காலம்வரை இப்போதே கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் வீட்டாருக்கு இது விளங்கும்: வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு, கடன் அடையும்வரை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே மீனைப் போட வேண்டியிருக்கிறது. அங்கேயாவது கடனை அடைத்துவிட்டு வெளியே வரலாம். நிரந்தர உரிமைமாற்றத்தில் அந்த வழியும் இல்லை.

பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைத் தமிழில் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். உரிமைமாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பது குறிப்பிடப்பட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறு விதமாக எழுதப்படாதவரை, பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது உங்களிடமே திரும்பிவிடும். சட்டம் எழுத்தாளருக்கு இவ்வளவு சாதகமாக இருக்கும்போது, ‘நிரந்தரமாக’ என்று நாமே எழுதிக் கொடுத்து அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: தமிழ் அச்சுரிமை மட்டும், ஐந்து ஆண்டுகளுக்கு, 15,000 ரூபாய் ராயல்டியின் முன்பணமாக, அதற்கு மேல் விற்பவற்றுக்கு 10 சதவீதம், ஆண்டுக்கொருமுறை அச்சிட்ட, விற்ற, கையிருப்புப் பிரதிகளின் கணக்கு, அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் அந்தப் பிரதிகளும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுத்தாளர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

மறுத்துவிட்டால், நீங்களே பதிப்பிக்கலாம். ஐஎஸ்பிஎன் எனப்படும் நூல் அடையாள எண் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் குறைந்த பிரதிகளோடு தொடங்கலாம். வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் பிரதி அனுப்புவது சட்டப்படி பதிப்பாளர் கடமை. 2025 மே மாதம் அஞ்சல் துறை தொடங்கிய ஞான் போஸ்ட் என்ற நூல் அஞ்சல் சேவையில் 300 கிராம் வரையுள்ள நூலை 20 ரூபாயும் வரியும் செலுத்தி நாடு முழுவதும் அனுப்பலாம் என்பது நம்மைப் போன்ற ஓரத்து ஊர்க்காரர்களுக்குப் பெரிய உதவி.

மண்டபம் மொழிபெயர்ப்பாளர் மீண்டும்

தொண்டி ஐயா சொன்ன ஒப்பந்த வாசகங்களை முழுமையாக ஏற்கிறேன். சொந்தப் பதிப்பில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கடைகள் 30, 40 சதவீதம் கழிவு கேட்கும். பணம் விற்ற பிறகே வரும். தடைக்காலத்தில் அக்காவின் வருமானமே வீட்டுக்கு ஆதாரம் என்னும்போது, கையிருப்பைத் தாளில் போட்டு முடக்குவது சரியாகாது. அந்த நாவலை இன்னும் இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பாருங்கள். காத்திருக்கும் காலத்தில் மொழிபெயர்ப்பு வருமானம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும்.

தங்கச்சிமடம் வாசகி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உத்யம் பதிவு முடிந்துவிட்டது. விடுதிக்குக் கடிதம் தயாராகிறது. பதிப்பகத்திடம் ஐந்து ஆண்டு, அச்சுரிமை மட்டும் என்று கேட்கப் போகிறேன்; மறுத்தால் வேறிடம் அனுப்புவேன், சொந்தப் பதிப்பு இப்போதைக்கு இல்லை. இன்னும் ஓர் ஐயம். விடுதிக் கையேட்டுக்காகத் தனுஷ்கோடி பற்றி நான் எழுதிய பகுதிகளையும், தொண்டு நிறுவனத்துக்காகத் தமிழாக்கிய அறிக்கையின் பகுதிகளையும் என் கட்டுரைகளில் பயன்படுத்தலாமா?

தொண்டி பதிப்பாளர்

இரண்டும் வேறு வேறு. கையேடு உங்கள் சொந்தப் படைப்பு. நீங்கள் அந்த விடுதியின் சம்பளப் பணியாளர் அல்லர். உரிமையை எழுதியும் கொடுக்கவில்லை. ஆகவே பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்தலாம். பாக்கிக் கடிதத்தில் இந்த உண்மையையும் ஒரு வரி சேர்த்து விடுங்கள். அறிக்கையின் மூல உரிமை அந்த நிறுவனத்துடையது. உங்கள் தமிழாக்கமாகவே இருந்தாலும் அவர்களிடம் எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே எடுத்தாள வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில், களத்தில் நீங்கள் திரட்டும் சொற்களும் குறிப்புகளும் உங்களுடையவை என்று ஒரு வரி எழுதிக்கொண்டால், இந்த அனுமதியைத் தனியே கேட்கும் வேலை பாதி குறையும்.