30-க்கு 20 அடி கொல்லை: எதை எங்கே வைப்பது?

காவிரிக்கரை:
வணக்கம். திருச்சியில் கிழக்குப் பார்த்த வீடு, தரைத்தளம் மட்டும். பின்னால் மேற்கில் தெற்கு வடக்காக 30 அடி, அகலம் 20 அடி காலி இடம். கட்டட இடிசலை அங்கேயே நிரவிவிட்டார்கள். தென்னை, மா, முருங்கை, எலுமிச்சை, வாழை, கீரை, காய்கறி, ஒரு பந்தல் என்று வீட்டில் ஆசை. சமையலறைத் தண்ணீர் வடகிழக்கு மூலையில் வெளியேறுகிறது. போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. ஆடிப் பட்டத்துக்குள் தயாராக வேண்டும். எதில் தொடங்குவது?

செம்மண்:
தென்னையையும் மாவையும் விட்டுவிடுங்கள் சார். தென்னைக்குத் தென்னை 25 அடி விட வேண்டும். இங்கே வைத்தால் மட்டை பக்கத்து வீட்டில்தான் விழும். மற்றதெல்லாம் அடங்கும்.

வடக்கு 10 அடியை மரங்களுக்கு ஒதுக்குங்கள். திருச்சியில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான் உச்சிவெயில் வடக்கே சாய்ந்திருக்கும். மீதி நாளெல்லாம் சூரியன் தெற்கே. நிழல் மதிலுக்கு அப்பால் போய்விடும். இதே முருங்கையைத் தெற்கு ஓரத்தில் வைத்தால் மார்கழி, தையில் பாத்தி முழுக்க நிழல் விழும், தக்காளி பூக்காமல் வெறுமனே நெட்டையாக வளரும். வடமேற்கில் முருங்கை, நடுவில் எலுமிச்சை, தண்ணீர் வரும் மூலையில் வாழை. முருங்கைக் கன்று இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை விடும், ஆடிக்காற்றில் முறியாது, காயும் கைக்கெட்டும்.

தெற்கில் 20-க்கு 20 மிச்சம். வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி சும்மா விடுங்கள், அஸ்திவாரத்தில் ஈரம் இறங்கக் கூடாது. பிறகு 3 அடிப் பாத்தி மூன்று, ஒவ்வொன்றுக்கும் அடுத்து ஒன்றரை அடி நடை, மேற்கு மதிலோரம் 5 அடி பந்தல். கணக்கு சரியாக 20. பாத்தி 3 அடியைத் தாண்டினால் களை எடுக்க உள்ளே மிதிக்க வேண்டிவரும், மண் இறுகிப்போகும். காலையில் வீட்டு நிழல் விழும் முதல் பாத்தியில் கீரை போடுங்கள். பந்தல் ஆறரை அடி உயரம் இருக்கட்டும். சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு மேல் பாத்திகளைக் காப்பாற்றுவது அதுதான்.

மண்புழு:
வரைபடம் சரி, ஆனால் அந்த இடிசலில் எதுவும் வராது. ஒரு கைப்பிடி மண்ணில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். பொசுபொசுவென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது: கொழுந்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்துப் பலர் யூரியா போடுகிறார்கள், வீண் செலவு. பாத்தி இடத்தில் ஒரு அடி ஆழம் வெட்டி வெளியேற்றிவிட்டு, செம்மண் 2, மட்கிய தொழு உரம் 1, மணல் 1 என்று நிரப்புங்கள். எலுமிச்சைக்கு இரண்டரை அடி கனக் குழி. நடுவதற்கு முன் அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நாலைந்து மணி நேரம் கழித்தும் நின்றால் அடியில் இறுகிய மண் இருக்கிறது, கடப்பாரையால் உடைத்தே ஆக வேண்டும்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து சொட்டுநீர் போடலாமா? தொட்டி 12 அடி உயரத்தில் இருக்கிறது.

வாய்க்கால்:
போடலாம். 12 அடி என்றால் சுமார் 0.36 பார் அழுத்தம்தான் வரும், அதனால் அழுத்தம் சமன்செய்யும் விலை கூடிய சொட்டுவான் வேண்டாம். கழற்றிக் கழுவக்கூடிய சாதாரண வகை போதும். 16 மி.மீ. குழாய், தொட்டி வாயில் வலை ஃபில்டர். உப்புத் தண்ணீரில் சொட்டுவான் வாயில் வெள்ளையாகப் படியும். மாதம் ஒருமுறை குழாய் நுனி மூடியைத் திறந்து தண்ணீரை ஓடவிடுங்கள், அடைத்ததைக் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உப்பு வேர் மட்டத்திலேயே தங்கும், அதனால் இடைவெளி விட்டு நன்றாக நனையவிடுங்கள். வாழைக்குச் சமையலறைத் தண்ணீர் சரி. வாஷிங் மெஷின் தண்ணீரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். சோப்புத்தூளில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும்.