படிப்பகக் கல்வெட்டுக்கு லத்தீன் வரி: எந்தச் சொல் சரி?

குளச்சல்_படிப்பகம்
எங்க பங்குப் படிப்பகத்துக்கு 50-ஆம் ஆண்டு வருது. வாசல் கல்லில் லத்தீனில் ஒரு வரி கொத்தணும்னு முடிவாயிருக்கு. ‘லைட் மேக்ஸ் பீப்பிள் ஃப்ரீ’ என்பதை ஒவ்வொரு சொல்லா ஆன்லைன் அகராதியில் போட்டு எடுத்தது இது: ‘லெவிஸ் ஃபகித் பொபுலுஸ் லீபெர்’. லைட்டுக்கு மட்டும் நாலஞ்சு சொல் காட்டுது. கல் கொத்துறவரு அடுத்த வாரம் வாறாரு. இப்படியே குடுக்கலாமா?

கோட்டாறு_இலக்கணம்
குடுத்திராதீங்க. லெவிஸ் என்றால் எடை குறைந்தது. வெளிச்சத்துக்கு லூக்ஸ். லைட்டைக் கொளுத்து என்றால் அக்கெந்தோ என்ற வினை. அகராதியில் முதலில் பெயரா, வினையா, அடைமொழியா என்று பாருங்க, பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். ஃப்ரீயும் இதே கதைதான்: கட்டில்லாதவன் லீபெர், காசு வாங்காதது கிராதீஸ், ‘சீட் ஃப்ரீயா?’ என்பதற்கு வகுவுஸ்.

அடுத்தது வேற்றுமை. அகராதி எழுவாய் வடிவத்தைத்தான் தரும். உங்க வரியில் விடுதலை பெறுவது மக்கள். நமக்கு ‘மக்களை’ என்று ஐ வருகிற இடத்தில் பொபுலுஸ் பொபுலும் ஆகும். தமிழில் ‘நல்ல பையனை’ என்றால் ‘நல்ல’ மாறாது. லத்தீனில் அடைமொழியும் கூடவே மாறணும், அதனால் லீபெர் லீபெரும் ஆகும். ஆக, ‘லூக்ஸ் பொபுலும் லீபெரும் ஃபகித்’ பிழையில்லாத வரி. ஆனால் ‘விடுதலை செய்கிறது’ என்பதற்கு லீபெரத் என்று ஒரே வினை இருக்கும்போது இவ்வளவு நீட்ட வேண்டாம். ‘லூக்ஸ் லீபெரத்’ போதும்.

தக்கலை_ஓலை
மேலே சொன்னதோடு ஒண்ணு. லத்தீன் சொல்லைத் தமிழ் எழுத்திலும் குறிச்சு வையுங்க மக்கா. குறில் நெடில் ரோமன் எழுத்தில் தெரியாது. பொபுலுஸ் மக்கள், போபுலுஸ் ஒரு மரம். லீபெர் கட்டில்லாதவன், லிபெர் புத்தகம் (படிப்பகத்துக்கு அதுவும் பொருந்தும் என்பது வேற விஷயம்). கல்லில் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆங்கிலத்திலிருந்து லத்தீனுக்குப் போனதோட நிறுத்தாம, கிடைச்ச சொல்லை லத்தீன் பக்கம் திருப்பித் தேடுங்க. வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியில் ஒரு சொல்லுக்குள்ள பல பொருளைப் பெயரகராதியிலும், ஒரு பொருளுக்குள்ள பல சொல்லைப் பொருளகராதியிலும் பிரிச்சு வெச்சது இதுக்குத்தான் உதவும். நீங்க பொருளகராதி வேலையோட நின்னுட்டீங்க.

குளச்சல்_படிப்பகம்
நன்றி. லூக்ஸுக்குப் பதிலா லூமென் போடலாமான்னு ஒருத்தர் கேக்குறாரு. பூசையில் சொல்ற விசுவாச அறிக்கையிலே ‘லூமென் தே லூமினெ’ (ஒளியிலிருந்து ஒளி) வருதே?

கோட்டாறு_இலக்கணம்
ரெண்டும் வெளிச்சம்தான். லூமென் பெரும்பாலும் விளக்கு, ஒளி தரும் பொருள், கண், ஜன்னல் என்றும் போகும். லூக்ஸ் பகல் வெளிச்சம், பொதுவான ஒளி. ‘எகோ சும் லூக்ஸ் முந்தி’ (உலகின் ஒளி நானே) என்ற யோவான் 8:12 தெரிஞ்சவங்க நம்ம ஊரில் நிறைய. லூக்ஸ் உடனே புரியும். எல்இடி பல்பு டப்பாவில் லூமன் என்று போட்டிருப்பது பல்பு வெளியிடும் ஒளியின் அளவு; லக்ஸ் என்பது மேசையில் விழும் ஒளியின் அளவு. படிக்கிறவனுக்கு மேசைதானே முக்கியம்.

மார்த்தாண்டம்_கல்
கொத்துறதுக்கு முன்னே கவனிக்க வேண்டியது: பழைய ரோமன் கல்வெட்டில் ‘யு’ கிடையாது, அந்த இடத்தில் ‘வி’ வடிவம்தான். அப்படிக் கொத்தினா அழகு, ஆனா ‘எல்-வி-எக்ஸ்’ன்னு எழுத்துக்கூட்டிக் கேப்பாங்க, குழு இப்பவே பேசி முடிவு பண்ணிக்கணும். மொத்தம் பத்து எழுத்துதான். முழு அளவில் பேப்பரில் எழுதி கல்லில் ஒட்டி, லத்தீன் தெரிஞ்ச குருவானவர் ஒருத்தரை வாசிக்கச் சொல்லிட்டு உளியை எடுக்கச் சொல்லுங்க. கருங்கல்லில் தப்பா வெட்டினதை அடைச்சா தழும்பு தெரியும், பலகையையே மாத்தணும்.