திவ்யா ரிசப்ஷன் (நம்ம வீடு மட்டும்): டிஜே லிஸ்ட்

கவிதா: எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்க. டிஜே ஃபார்ம் அனுப்பிருக்கார். கட்டாயம் போட வேண்டியது 15, போடவே கூடாதது 10. நியூஜெர்சி எடிசன் நேரம் மதியம் 12க்குள்ள வேணுமாம், திருச்சில ராத்திரி 9:30. தமிழ்ப் பாட்டு திவ்யா குடுத்துட்டா. சாப்பாட்டுக்கு அப்புறம் 40 நிமிஷம் இங்கிலீஷ் ஹிப்ஹாப். அதுதான் இன்னும் முடியல

விக்கி: நான் நேத்தே குடுத்தேனே

கவிதா: நீ குடுத்ததப் பாத்துட்டுதான் குரூப்ல கேக்கறேன்

சுரேஷ் சித்தப்பா: 👍

ராஜி அத்தை: பாட்டிக்கு ஏர்போர்ட்ல வீல்சேர் சொல்லியாச்சா கவிதா

கவிதா: டிக்கெட்லயே போட்டாச்சு அத்தை

பெரியப்பா: ராப் என்றால் கெட்ட வார்த்தைப் பாட்டுத்தானே. சம்பந்தி வீட்டார் எதிரில் அது தேவையா. நாதஸ்வரம் வைக்கலாமே.

கவிதா: நாதஸ்வரம் காலைல முகூர்த்தத்துக்கு இருக்கு பெரியப்பா. இது ராத்திரி

சேகர் மாமா: அத்தான், எல்லா ராப்பும் அப்படி இல்ல. ஹிப்ஹாப் ஆரம்பமே ஒரு வீட்டு விசேஷம். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்ஸ்ல 1520 செட்ஜ்விக் அவென்யூ. தங்கச்சிக்கு ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி புதுத் துணி எடுக்கக் காசு வேணும்னு வெச்ச பார்ட்டில அண்ணன் கூல் ஹெர்க் ரெக்கார்டு சுத்தினார். பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட் டிக்கெட். நீங்க சொல்ற கேங்ஸ்டா ராப் (ரவுடி வாழ்க்கையப் பாடறது) அதுக்கு 12 வருஷம் பின்னாடி: 1985ல ஃபிலடெல்ஃபியா ஸ்கூலி டி, 86ல லாஸ் ஏஞ்சல்ஸ் ஐஸ்-டி, 88ல காம்ப்டன் என்.டபிள்யூ.ஏ. அதே 88ல ஜாஸி ஜெஃப் அண்ட் ஃப்ரெஷ் பிரின்ஸ் கெட்ட வார்த்தை இல்லாம சிரிக்க வெச்சு சம்பாதிச்சாங்க. ராப்புக்குன்னு குடுத்த முதல் கிராமி, 1989, அவங்களுக்குத்தான். டிவில காட்டாம குடுக்கறாங்கன்னு விழாவுக்கே போகல

விக்கி: ஆரம்பிச்சுட்டார்

சுரேஷ் சித்தப்பா: டீ போட்டுட்டு வரேன்

விக்கி: மாமா அது தயிர்சாதம் ராப். என்.டபிள்யூ.ஏ.வோட ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன் ஆல்பம் ரேடியோல ஓடாமலே பிளாட்டினம், பத்து லட்சம் வித்துது. எஃப்.பி.ஐ.ல இருந்து கம்பெனிக்கு லெட்டர் போட்டாங்க, அதுவே விளம்பரம் ஆயிடுச்சு

சேகர் மாமா: லெட்டர் வாங்கின பாட்டத்தான் மாலை மாத்தின அன்னைக்குப் போடணுமா

கவிதா: மாமா, விக்கி, சண்டை அப்புறம். ஃபார்ம்ல "க்ளீன் வெர்ஷன் மட்டும்"னு ஒரு கட்டம் இருக்கு. டிக் பண்ணிட்டா முடிஞ்சுதா?

அனு: முடியாது சித்தி

சேகர் மாமா: முடியாது. க்ளீன்ல மூணு வகை. ஒண்ணு, வார்த்தைய மட்டும் அமுக்கறது, பீட் தொடர்ந்து ஓடும். கம்பெனியே வெளியிடற ரேடியோ எடிட் பெரும்பாலும் இப்படி. ரெண்டு, வார்த்தையத் திருப்பிப் போடறது, உறிஞ்சற மாதிரி சத்தம் வரும். மூணு, வரியையே மாத்திப் பாடறது. பிளாக் ஐட் பீஸ் லெட்ஸ் கெட் இட் ஸ்டார்ட்டட் அப்படித்தான், 2003 ஆல்பத்துல மனவளர்ச்சி குறைஞ்சவங்களக் கேலி பண்ற வார்த்தை, 2004ல மாத்திப் பாடினாங்க. இதுல சேராதது நாலாவது ஒண்ணு, யாரோ வீட்ல உக்காந்து மொத்தப் பாட்டையும் மியூட் பண்றது. பீட்டும் சேந்து அறுந்துடும், ஆடற கால் அங்கேயே நிக்கும். நெட்ல இலவசமா கிடைக்கற "க்ளீன்" பாதி அதுதான்

அனு: அதுவும் இல்லாம, வார்த்தைய அமுக்கினா கூட்டம் கத்தும். டிஜே கோரஸ்ல சவுண்ட கம்மி பண்ணுவார்ல, அந்த நேரம் என்-வேர்டு (கறுப்பினத்தவங்கள இழிவாச் சொல்ற வார்த்தை) வந்தா 200 இந்தியன்ஸ் சேந்து கத்துவாங்க. மாமா ஆஃபீஸ்ல இருந்து பிளாக் ஃப்ரெண்ட்ஸ் வர்றாங்க. ஸ்கூல் ப்ராம் டான்ஸ்ல இதுக்குத்தான் அந்தப் பாட்டையே லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவாங்க

விக்கி: இது பாயின்ட்

அம்மா: (குரல் பதிவு 1:48)

கவிதா: அம்மா புளியோதரை பத்திப் பேசியிருக்காங்க. அப்புறம் கேட்டுக்கறேன்

ராஜி அத்தை: அவங்க வீட்ல 60 பேர்னு சொல்லிட்டு இப்ப 85 ஆம். சாப்பாட்டுக் காசு யார் குடுக்கறது. நான் எதுவும் சொல்லல

பெரியப்பா: சொல்லாமல் இருந்தால் நல்லது ராஜி.

விக்கி: சரி என் லிஸ்ட்டே போடறேன் பாருங்க. கேங்ஸ்டாஸ் பாரடைஸ், கலிஃபோர்னியா லவ், நத்திங் பட் எ ஜி தாங், இட் வாஸ் எ குட் டே, இன் டா கிளப், ஸ்டில் டி.ஆர்.இ. மாமா முதல் பாட்டுல ஒரு கெட்ட வார்த்தை காட்டுங்க

சேகர் மாமா: காட்ட முடியாது. ஸ்டீவி வொண்டரோட பாஸ்டைம் பாரடைஸ் மேல கட்டின பாட்டு அது. கெட்ட வார்த்தை இருந்தா அனுமதி இல்லன்னுட்டார், பாடின ராப்பர் கூலியோ அத எடுத்துட்டார். 1995ல அமெரிக்காவுல அந்த வருஷத்துக்கே நம்பர் ஒன்

விக்கி: அப்ப எங்க கட்சி பேர் வெச்ச பாட்டு உங்க கட்சிய விட சுத்தம்

சேகர் மாமா: சுத்தம்தான். முதல் வரியே பைபிள் சங்கீதம் 23, மரண நிழலின் பள்ளத்தாக்கு. 23 வயசுல இருக்கேன், 24ஐப் பாப்பேனான்னு தெரியலன்னு ஒருத்தன் பாடற பாட்டு. பொண்ணு மாப்பிள்ளை மேடைல நிக்கறப்பவா? அதோட நிமிஷத்துக்கு 80 பீட். யாரும் ஆட மாட்டாங்க, தலைய மட்டும் ஆட்டுவாங்க

பெரியப்பா: அபசகுனம். வேண்டாம்.

கவிதா: கூடாத லிஸ்ட்ல 1: கேங்ஸ்டாஸ் பாரடைஸ். நோட் பண்ணிட்டேன்

அனு: திவ்யா சித்தி சான்ஸ் தி ராப்பர் நோ ப்ராப்ளம் கேட்டாங்க, பாசிட்டிவ்னு. அதுல ஈ போட்டிருக்கு

ராஜி அத்தை: ஈயா?

அனு: ஸ்பாட்டிஃபைல பாட்டுப் பேர் பக்கத்துல ஈ எழுத்து சின்னக் கட்டத்துல இருக்கும் பாட்டி. கெட்ட வார்த்தை இருக்குன்னு அர்த்தம்

சேகர் மாமா: இதத்தான் எல்லாரும் போட்டுக் குழப்பிக்கறாங்க. கருத்து நல்லதா கெட்டதாங்கறது வேற, வார்த்தை சுத்தமாங்கறது வேற. சான்ஸோட கலரிங் புக் ஆல்பத்துல பாதி சர்ச் பாட்டு மாதிரி இருக்கும், நடுவுல திட்டும் இருக்கும். கேங்ஸ்டாஸ் பாரடைஸ் முழுக்க சாவு, திட்டே கிடையாது. அதனால ஆளப் பாத்து லிஸ்ட் போடக் கூடாது. பாட்டு, அதுல எந்த வெர்ஷன், அப்புறம் என்ன சொல்லுது. மூணையும் பாக்கணும். அவுட்காஸ்ட் பாடின ஹே யா எடுத்துக்கோ, 2003. ஊரே குதிக்கும். பாட்டு என்ன சொல்லுதுன்னா காதல் நிலைக்காது, சும்மா சேந்து இருக்கோம்னு

கவிதா: ஐயோ அது அவங்க ரெண்டு பேரும் உள்ள வர்ற பாட்டு

சேகர் மாமா: மாத்து

கவிதா: திவ்யா மாத்த மாட்டா. அத விடுங்க

விக்கி: எம்.சி. ஹாமர் வரப்போறார் பாருங்க இப்ப

சேகர் மாமா: வரட்டுமே. யூ கான்ட் டச் திஸ், 1990. அந்த ஆல்பம் 21 வாரம் நம்பர் ஒன், ஒரு கோடிக்கு மேல வித்துது. எட்டு வயசுக் குழந்தையும் ஆடும் எம்பது வயசும் ஆடும்

விக்கி: அவரே 94ல கெட்டவன் வேஷம் போட்டு ஒரு ஆல்பம் விட்டார். 95ல டெத் ரோங்கற கேங்ஸ்டா ராப் கம்பெனிலயே சேந்தார். உங்க ஹீரோ எங்க ஆஃபீஸ்லதான் வேலைக்கு வந்தார்

சேகர் மாமா: கடன்பா. 96ல திவால் நோட்டீஸ். கடன் இருந்தா மனுஷன் எந்தக் கதவையும் தட்டுவான்

ராஜி அத்தை: கடனப் பத்தி சிலர் இந்த குரூப்ல பேசாம இருந்தா நல்லது

சுரேஷ் சித்தப்பா: 🙏

கவிதா: அத்தை ப்ளீஸ்

விக்கி: அப்படியே உங்க கட்சிக்கு வந்தவங்களையும் சொல்லணும். காப் கில்லர் (போலீஸக் கொல்றவன்) பாடின ஐஸ்-டி 2000ல இருந்து டிவில போலீஸ் துப்பறிவாளர். என்.டபிள்யூ.ஏ. ஐஸ் க்யூப் குழந்தைங்க படம் நடிச்சுட்டார். ஸ்னூப் சமையல் ஷோ

அம்மா: அந்த மார்த்தா அம்மாகூட டிவில சமைச்சவரா? ஒல்லியா ஜடை போட்டுக்கிட்டு? தங்கமான பையனாச்சே

விக்கி: 😂😂😂

சேகர் மாமா: அக்கா, அவர் 1993ல முதல் ஆல்பம் விட்டப்போ கொலை வழக்குல ஜாமீன்ல இருந்தார். 96ல விடுதலை ஆயிட்டார்

அம்மா: விடுதலை ஆயிட்டார்ல

கவிதா: மணி 10:50. முடிக்கலாமா. விக்கி லிஸ்ட்ல எத வெச்சுக்கறது?

சேகர் மாமா: கலிஃபோர்னியா லவ் க்ளீன் எடிட் ஓகே, கோரஸ் சுத்தம், ஊர் பேரத்தான் பாடறாங்க. ஜி தாங் வேண்டாம். குட் டே வார்த்தைய எடுத்தா பாதி வெத்து, பீட் மட்டும் அருமை. ஆனா ஒரு வழி சொல்றேன் விக்கி. சாப்பாடு போடற முக்கால் மணி நேரம் இன்ஸ்ட்ருமென்டல், குரல் இல்லாத வெறும் இசை, போடச் சொல்லு. டாக்டர் டிரேவோட 2001ங்கற பேர்ல வந்த ஆல்பத்துக்கு முழு இன்ஸ்ட்ருமென்டல் தனியாவே வெளியிட்டிருக்காங்க. ஸ்டில் டி.ஆர்.இ. பியானோ போகும், உனக்குத் தெரியும் என்ன பாட்டுன்னு, அத்தானுக்கு ஏதோ பியானோ

விக்கி: மாமா 🙌 ஒத்துக்கறேன்

பெரியப்பா: பியானோ நல்லது.

விக்கி: இன் டா கிளப்?

கவிதா: அது பர்த்டே பாட்டு

விக்கி: அந்த வாரந்தான பெரியப்பாவுக்கு 70

பெரியப்பா: எனக்காகவா? அப்படியானால் போடலாமே.

சேகர் மாமா: அத்தான், அது பாடினது 50 சென்ட்

பெரியப்பா: விலை குறைவுதானே.

அனு: 💀

சேகர் மாமா: முதல் 20 விநாடி மட்டும், வாழ்த்து சொல்ற இடம். அதுக்கு மேல போனா ஃபேடர (சத்தத்த) இறக்கணும்னு டிஜேக்கு எழுதிடு

விக்கி: நான் எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டுத் தரேன்

சேகர் மாமா: யூட்யூப்ல இருந்து இறக்கினதா? வேண்டாம். போன்ல நல்லா இருக்கும், ஹால் ஸ்பீக்கர்ல மேல் சுருதி செத்து பொத்தல் மாதிரி கேக்கும். ஒரு பாட்டு கத்தும், ஒரு பாட்டு முனகும். காசு குடுத்து 320 கேபிபிஎஸ் தரத்துல வாங்கு. பென் டிரைவ எஃப்.ஏ.டி. 32ல ஃபார்மட் பண்ணு. என்.டி.எஃப்.எஸ். ஃபார்மட்ல இருந்தா டிஜே பிளேயர் பலது படிக்காது. முக்கியமா ஒரே பாட்டோட ரெண்டு வெர்ஷன் வெக்காத. இருட்டுல சின்ன ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒரே பேராத் தெரியும், கை தப்புற இடமே அதுதான்

அனு: டிஜே பிரேக் எடுக்கறப்போ யாராவது போன்ல போட்டா, ஸ்பாட்டிஃபைல செட்டிங்ஸ் போய் எக்ஸ்ப்ளிசிட்ட ஆஃப் பண்ணுங்க. ஆட்டோபிளேயும் ஆஃப். லிஸ்ட் முடிஞ்சதும் அதுவா எதையோ போடும்

சேகர் மாமா: வரிசை முக்கியம் கவிதா. வேகத்தப் பாத்து அடுக்கணும். நிமிஷத்துக்கு 90, 95 பீட்ல ஆரம்பி: கலிஃபோர்னியா லவ், சம்மர்டைம். அப்புறம் வில் ஸ்மித் கெட்டின் ஜிக்கி வித் இட், 108 வரும். அதுக்கு மேல ஐ காட்டா ஃபீலிங் 128, ஹாமர் 133. ஹாமர் முடிஞ்சு நேரா குத்துப் பாட்டுக்குத் தாவ வேண்டாம். குத்து ஆறு எண்ணிக்கை, ஹிப்ஹாப் நாலு. டிஜே கம்ப்யூட்டர் ரெண்டையும் ஒட்டப் பாக்கும், ஒட்டாது, எல்லாரும் கால் மாறி நிப்பாங்க. நடுவுல யாராவது மைக்ல பத்து விநாடி பேசட்டும், இல்ல பறை ஒரு சுத்து, அப்புறம் குத்து

சுரேஷ் சித்தப்பா: மைக் நான் பிடிக்கிறேன்

ராஜி அத்தை: நீ பிடிச்சா விடமாட்ட

ஜெயந்தி: வணக்கம் எல்லாருக்கும். அம்மாவும் தம்பியும் ஆடற டான்ஸுக்கு டூபாக் டியர் மாமா (அம்மாவப் பத்தின பாட்டு) போடலாமா? எங்க அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்

சுரேஷ் சித்தப்பா: ஜெயந்தி யாரு

கவிதா: மாப்பிள்ளையோட அக்கா

ராஜி அத்தை: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ராஜி அத்தை: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

விக்கி: அக்கா சூப்பர் சாய்ஸ் 🔥🔥 சம்பந்தி வீடு எங்க கட்சி

பெரியப்பா: வாங்கம்மா ஜெயந்தி. 85 பேரும் தாராளமாக வரலாம்.

கவிதா: பெரியப்பா 🤦‍♀️

சேகர் மாமா: ஜெயந்தி, நல்ல பாட்டும்மா. 1995. 2010ல அமெரிக்க காங்கிரஸ் நூலகமே பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள்ல சேத்துது. ஆனா கவனம். முதல் சரணத்துல அம்மா போதைக்கு அடிமையா இருந்தது வரும், ரெண்டாவதுல அவர் போதைப்பொருள் வித்தது, மூணாவது மதுவுல ஆரம்பிக்கும். கோரஸ் மட்டும் தங்கம். கோரஸையும் இன்ஸ்ட்ருமென்டலையும் மாத்தி மாத்திச் சுத்த விட்டு ஒண்ணரை நிமிஷத்துல முடிக்கச் சொன்னா அழகா இருக்கும்

ஜெயந்தி: அம்மாவுக்கு முழுப் பாட்டும் மனப்பாடம் அங்கிள். வெட்டினா கண்டுபிடிச்சுடுவாங்க

விக்கி: ❤️

சேகர் மாமா: 200 பேர் முன்னாடிம்மா

ஜெயந்தி: கேட்டுட்டு சொல்றேன்

கவிதா: 11:52. டிஜேக்கு 13 பாட்டோட அனுப்பறேன். கூடாதது 4. டியர் மாமா பக்கத்துல "எடிட் அப்புறம் சொல்றோம்"னு போட்டிருக்கேன். ஹே யா திவ்யாகிட்ட மாமா நீங்களே பேசுங்க

சேகர் மாமா: நான் பேசினா கேப்பாளா

அம்மா: புளியோதரை யாரும் பதில் சொல்லலயே