மீட்டரில் 900 காட்டிய போர்வெல் தண்ணீர்

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே. வயலில் நெல்தான். மாடியில் மண்ணே இல்லாமல் பாலக் கீரை போடலாம் என்று ஆசைப்பட்டது நான். பிவிசி குழாயில் ஓட்டை போட்டு, வலைக் கோப்பைகளில் தென்னை நார்க்கழிவு நிரப்பி, சத்துத் தண்ணீரைக் குழாயில் சுற்றவிட 100 லிட்டர் டிரம்மில் மோட்டாரும் வைத்தாயிற்று. "வயக்காட்ட விட்டுட்டு மாடியில நாத்து விடுறியா?" என்று அப்பா சிரித்தார்.

போர் தண்ணீரை ஊற்றி, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை முக்கினேன். சத்துக் கரைசல் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை, 900 காட்டியது, அதாவது லிட்டருக்கு 900 மில்லிகிராம். கீரைக்கு 800 முதல் 1000 வரை இருக்கட்டும் என்று படித்திருந்தேன். சரி, நம்ம தண்ணீரிலேயே சத்து இருக்கிறது போல என்று பேருக்குக் கொஞ்சம் கலந்து விட்டேன். பத்தே நாளில் இலை வெளிறி, ஓரம் கருகிப் போனது. மீட்டர் மொத்த உப்பைச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. கடல் கிட்டே இருக்கிற எங்கள் போரில் வருவது பெரும்பாலும் சோற்றுக்குப் போடும் உப்புதான். "அந்தத் தண்ணிய உங்கம்மா கருவேப்பிலைக்கே ஊத்த மாட்டா" என்றார் அப்பா. முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

அடுத்த தடவை ஐப்பசி மழையைப் பிடித்து வைத்தேன். மீட்டரில் 20. சத்துக் கரைசல் ஏ, பி என்று இரண்டாக வரும். இரண்டையும் அவசரத்தில் ஒரே குவளையில் ஊற்ற, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்து, அடியில் மாவு தங்கிவிட்டது. ஒன்றில் கால்சியம், இன்னொன்றில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். தண்ணீரில் நீர்க்காமல் கெட்டியாகச் சேர்ந்தால் படிந்துவிடும், படிந்தது வேருக்கு எட்டாது. ஏ-வை டிரம்மில் நன்றாகக் கலக்கிய பிறகு பி ஊற்றியபோதுதான் கீரை வந்தது.

*

அண்ணே, உங்கள் மாடிக் கீரைக் கதையைப் படித்தேன், நானும் போட்டவன்தான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் போர் தண்ணீர் பரவாயில்லை. என்னைக் கவிழ்த்தது சித்திரை வெயில். டிரம் தண்ணீர் கைபொறுக்காத சூடு. சூடான தண்ணீரில் வேருக்கு வேண்டிய ஆக்சிஜன் அவ்வளவாகத் தங்காது. வெள்ளையாக இருந்த வேர் பழுப்பாகி, தொட்டால் வழவழவென்று கையோடு வந்தது. ஐஸ் பாட்டில் போட்டுப் பார்த்தேன், அதற்குள் ஒருநாள் மதியம் கரண்ட் போய், மோட்டார் நின்று மிச்சமும் வாடிவிட்டது. இப்போது கோடையில் போடுவதே இல்லை. நீங்கள் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவை, எதை வைத்துக் குறைக்கிறீர்கள்? 6.5-ஐத் தாண்டினால் எனக்குக் கொழுந்து மஞ்சளாகிறது.

*

பாஸ்பாரிக் அமிலம்தான் தம்பி. தண்ணீரில் கரைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், என் வேட்டியில் இன்னும் ஓட்டை இருக்கிறது.